கணினித் திரையை நொடியில் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருக்கையை விட்டு எழும் முன் திரையைப் பூட்ட விண்டோஸில் இரண்டு கீ போதும், மேக்கில் மூன்று. அவை எவை, பூட்டியபின் உள்ளே என்ன நடக்கிறது, பூட்டாமல் அடம்பிடித்தால் எங்கே பார்ப்பது, எதிலிருந்தெல்லாம் இந்தப் பூட்டு காப்பாற்றாது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

விண்டோஸில் எந்த கீயை அழுத்த வேண்டும்?

விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல் (L). அவ்வளவுதான். விண்டோஸ் கீ என்பது கீபோர்டின் கடைசி வரிசையில், இடது பக்கம், பெரும்பாலும் கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் விண்டோஸ் சின்னத்தோடு இருக்கும். "நிச்சயமாகப் பூட்டவா?" என்றெல்லாம் கேட்காது, அந்தக் கணமே திரை மாறிவிடும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை இந்தக் கூட்டு மாறவே இல்லை என்பதால், ஒருமுறை கை பழகிவிட்டால் எந்த விண்டோஸ் கணினியிலும் உதவும்.

இன்னொரு வழி, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துவது. வரும் பட்டியலில் 'லாக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பூட்டிவிடும். எக்ஸ்பிக்கு முந்தைய விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000 காலத்தில் அலுவலகங்களில் இப்படித்தான் பூட்டினார்கள்.

இரண்டு நிமிடம்தான் எழுந்து போகிறேன். அதற்கும் பூட்ட வேண்டுமா?

வேண்டும். முக்கியமாக அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் வேண்டும். நீண்ட நேரம் போகிறவர்கள் கணினியை அணைத்துவிடுவார்கள், அல்லது கொஞ்ச நேரத்தில் அதுவே பூட்டிக்கொள்ளும். திறந்து கிடப்பதெல்லாம் இந்தச் சின்ன இடைவெளிகளில்தான்.

உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும், திறந்த திரைக்கு முன்னால் அதற்கு வேலை இல்லை. நீங்கள் ஏற்கனவே உள்ளே போயாகிவிட்டது. இனி அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கணினிக்கு அது நீங்கள்தான். மெயில் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது ஒரு தளத்துக்குப் போய் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால், புது பாஸ்வேர்டு வைப்பதற்கான இணைப்பு நேராக அதே மெயிலுக்கு வந்து விழும். மொபைலுக்கு ஓடிபி அனுப்பும் தளங்கள் அங்கே தடுத்துவிடும். மெயிலை மட்டும் நம்பும் தளங்கள் தடுக்காது. கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருந்தால் அரட்டைகளைப் படிக்கலாம், உங்கள் பெயரில் பதிலும் போடலாம்.

அப்புறம் யூஎஸ்பி. பார்வைக்குப் பென்டிரைவ் போலவே இருக்கும் சில கருவிகள் உண்டு. செருகியதும் கணினி அதை ஒரு கீபோர்டு என்று எடுத்துக்கொள்ளும். யார் கையாலும் முடியாத வேகத்தில் அது கட்டளைகளைத் தட்டிவிடும், சில நொடிகள் போதும். திரை பூட்டியிருந்தால் அது தட்டுவதெல்லாம் பாஸ்வேர்டு கட்டத்தில்தான் போய் விழும்.

கெட்ட எண்ணம் உள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரு குழந்தை வந்து கீபோர்டைத் தட்டினால்கூட, பாதி எழுதிய மெயில் போய்ச் சேர்ந்துவிடலாம். யார் செய்தாலும் பதிவுகளில் உங்கள் பெயர்தான் இருக்கும், "நான் இல்லை" என்று பிறகு நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

தெரிந்துதான் இருக்கிறது, ஆனால் மறந்துவிடுகிறதே?

மானிட்டரில் துண்டுக் காகிதம் ஒட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில நாளில் கண்ணுக்குப் பழகி, அங்கே ஒரு காகிதம் இருப்பதே தெரியாமல் போய்விடும். எழுவதோடு சேர்த்துக் கைக்குப் பழக்குவதுதான் நிற்கிறது: நாற்காலியைப் பின்னால் தள்ளும் முன் இடது கட்டைவிரல் விண்டோஸ் கீயில், வலது கை விரல் எல்லில்.

கொஞ்ச காலத்துக்கு, வீட்டில் தனியாக இருக்கும்போதும் பூட்டுங்கள். ஆபத்து இருக்கிறது என்பதற்காக இல்லை. "இங்கே தேவையா, இல்லையா" என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க ஆரம்பித்தால், அந்த யோசனையிலேயே பழக்கம் விட்டுப்போகும். யோசிக்காமல் செய்கிற அளவுக்கு வந்தபிறகு, வீட்டில் விட்டுவிட்டாலும் வெளியே கை தானாகச் செய்யும்.

பூட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடுமா?

நிற்காது. டவுன்லோடு தொடரும், பிரின்ட் தொடரும், வீடியோ ஏற்றுமதி தொடரும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஓடும். பூட்டு என்பது திரைக்கும் கீபோர்டுக்கும் மவுசுக்கும் மட்டும்தான். திரும்பி வந்து திறந்தால் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும்.

வேலையை நிறுத்துவது ஸ்லீப். நீங்கள் பூட்டிவிட்டுப் போய் நெடுநேரம் கழித்துக் கணினி தானாக ஸ்லீப்புக்குப் போனால் டவுன்லோடு பாதியில் நிற்கும். பெரிய வேலை ஓடும் நாட்களில் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தை மட்டும் நீட்டி வையுங்கள், பூட்டை விட வேண்டாம். விண்டோஸில் பூட்டிய ஒரு நிமிடத்தில் திரை இருண்டுபோவதைப் பார்த்து ஸ்லீப் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மானிட்டருக்கு மட்டும் ஓய்வு அது, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும்: சேமிக்காத கோப்பு பூட்டினாலும் சேமிக்காத கோப்புதான். மின்சாரம் போனால் போனதுதான். பூட்டும் முன் கன்ட்ரோலும் எஸ்ஸும் ஒரு தட்டு தட்டிவிடுவது நல்லது.

வீடியோ மீட்டிங்கின் நடுவில் பூட்டினால்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். திரையைப் பூட்டுவது அழைப்பைத் துண்டிக்காது, மைக்கையும் அணைக்காது. உங்களுக்கு மீட்டிங் கண்ணில் படாது, ஆனால் அறையில் நீங்கள் பேசுவது அங்கே கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் மைக்கை மியூட் செய்யுங்கள், கேமராவை நிறுத்துங்கள், அதன்பிறகு பூட்டுங்கள். திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

பூட்டியது, ஆனால் என்டர் தட்டினாலே திறந்துவிடுகிறது. ஏன்?

உங்கள் கணக்கில் பாஸ்வேர்டே இல்லை. விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போய் பாஸ்வேர்டோ பின்னோ (PIN என்ற சிறு ரகசிய எண்) வையுங்கள். பின் நான்கைந்து எண்தானே என்று தயங்க வேண்டாம். அது அந்த ஒரு கணினியில் மட்டும் செல்லும், யாராவது தெரிந்துகொண்டாலும் வேறு கணினியிலிருந்து உங்கள் கணக்குக்குள் வர அது உதவாது. கைரேகை வசதி இருந்தால் இன்னும் நல்லது. திறப்பது சுலபமாக இருந்தால்தான் பூட்டவும் மனம் வரும்.

சரியான பாஸ்வேர்டுதான், தவறு என்கிறதே?

கேப்ஸ் லாக்கை முதலில் பாருங்கள், பின் (PIN) என்றால் நம் லாக் (Num Lock) கீயை. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பூட்டும்போது தமிழ் கீபோர்டு தேர்வாகி இருந்து, பூட்டுத் திரையிலும் அதுவே இருந்தால், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுவதாக நினைப்பதெல்லாம் தமிழ் எழுத்தாகப் போகும். புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. விண்டோஸ் பூட்டுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழியின் சுருக்கம் இருக்கும், அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் என்ன தட்டினீர்கள் என்றும் தெரியும், பின்னால் யாரும் நிற்கவில்லை என்றால்.

விண்டோஸ் கீயும் எல்லும் அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. என்ன காரணம்?

விண்டோஸ் கீயைத் தனியாக ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் மெனு வரவில்லை என்றால் சிக்கல் அந்தக் கீயில்தான். கேமிங் கீபோர்டுகளில் ஆட்டத்தின் நடுவில் கை பட்டு மெனு திறக்காமலிருக்க, விண்டோஸ் கீயை முடக்கும் வசதி உண்டு. பல மாடல்களில் எஃப்என் கீயோடு விண்டோஸ் கீயை அழுத்தினால் முடங்கும், மறுபடி அழுத்தினால் உயிர் வரும். சிலவற்றில் இதற்கென்றே பூட்டுச் சின்னம் போட்ட தனிக் கீ இருக்கும்.

ஸ்டார்ட் மெனு வருகிறது, பூட்டு மட்டும் நடக்கவில்லை என்றால், கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி வரும் பட்டியலைப் பாருங்கள். அதில் 'லாக்' என்ற வரியே இல்லை என்றால் பூட்டும் வசதியே கணினியில் முடக்கப்பட்டிருக்கிறது. அலுவலகக் கணினி என்றால் அதைப் பார்த்துக்கொள்கிற குழுவிடம் கேளுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் நீங்களே கைவைக்க வேண்டாம்.

மேக்கில்?

கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்த்து. 2017-ல் வந்த ஹை சியாரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. டச் ஐடி (கைரேகைக் கீ) உள்ள கீபோர்டு என்றால் அந்தக் கீயைச் சட்டென்று ஒருமுறை அழுத்தினாலும் பூட்டும்.

இதில் கவனம் தேவைப்படுவது க்யூவோடு சேரும் மற்றக் கீகள். கன்ட்ரோலை விட்டுவிட்டுக் கமாண்டும் க்யூவும் மட்டும் அழுத்தினால் திறந்திருக்கும் செயலி மூடிவிடும். ஷிஃப்ட், கமாண்ட், க்யூ என்றால் கணக்கிலிருந்தே வெளியேறும் கட்டளை. அதனால் முதலில் கன்ட்ரோலில் விரலை ஊன்றிக்கொண்டு, பிறகு கமாண்ட், கடைசியில் க்யூ என்று பழகுங்கள்.

ஹை சியாராவுக்கு முந்தைய மேக்குகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடு பவர் அல்லது இஜெக்ட் கீ. அது திரையைத்தான் அணைக்கும். திரை அணைந்ததும் உடனே பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்ஸில் வைத்திருந்தால் மட்டுமே அது பூட்டு.

லினக்ஸில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

க்னோம், கேடிஇ என்று லினக்ஸில் டெஸ்க்டாப் பல வகை, அதைப் பொறுத்து மாறுவதால்தான். உபுன்டு, ஃபெடோரா இரண்டிலும் இயல்பாக வரும் க்னோமில் சூப்பர் கீயும் எல்லும். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் போட்ட அதே கீதான். கேடிஇயிலும் அதே கூட்டு, அங்கே அந்தக் கீக்கு மெட்டா என்று பெயர். லினக்ஸ் மின்ட்டின் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் கன்ட்ரோல், ஆல்ட், எல்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கூட்டு தொல்லை தரும். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் கன்ட்ரோல், ஆல்ட், எல் என்பது நிரலை ஒழுங்குபடுத்தும் கட்டளை. அதை அழுத்தும்போதெல்லாம் திரை பூட்டிக்கொண்டால், டெஸ்க்டாப்பின் கீபோர்டு செட்டிங்ஸில் பூட்டுவதற்கான கூட்டைச் சூப்பரும் எல்லும் என்று மாற்றிவிடுங்கள்.

லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய எக்ஸ்11 அமைப்பில் ஒரு விசித்திரம்: ஏதாவது ஒரு மெனு விரிந்து திறந்திருக்கும்போது பூட்டும் நிரலால் கீபோர்டைத் தன் வசம் எடுக்க முடியாது, திரை பூட்டாமலே இருந்துவிடும். தானாகப் பூட்டும் நேரத்துக்கும் இதே கதிதான். பூட்டுத் திரை வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

குரோம்புக்கில்?

சர்ச் கீயும் எல்லும். லாஞ்சர் கீ என்று சொல்வதும் அதைத்தான், சாதாரணக் கீபோர்டில் கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் இருக்கும்.

மானிட்டர் பட்டனை அணைத்துவிட்டுப் போனால் போதாதா? லேப்டாப் மூடியைச் சாத்தினால்?

மானிட்டரை அணைப்பது பூட்டே இல்லை. யாராவது அதே பட்டனைத் தட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும்.

மூடியைச் சாத்துவது பெரும்பாலும் லேப்டாப்பை ஸ்லீப்புக்கு அனுப்பும், திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் மூடினால் 'எதுவும் செய்யாதே' என்று பவர் செட்டிங்ஸில் வைத்திருப்பவர்கள் நிறைய. வெளி மானிட்டர் இணைத்து வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். அதை மறந்துவிட்டு மூடியைச் சாத்திப் போனால் உள்ளே எல்லாம் திறந்தே இருக்கும். மேக்கிலும் சார்ஜர், வெளித் திரை, கீபோர்டு எல்லாம் இணைந்திருந்தால் மூடியபின்னும் அது விழித்தே இருக்கும். பூட்டிவிட்டு மூடுங்கள், எந்த செட்டிங்காக இருந்தாலும் கவலை இல்லை.

தானாகப் பூட்டும்படி வைத்துவிட்டால் கீ தேவையில்லையே?

இரண்டும் வேண்டும். ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தால் நீங்கள் எழுந்துபோன முதல் ஐந்து நிமிடமும் திரை திறந்துதான் இருக்கும். ஒரு நிமிடம் என்று வைத்தாலோ, எதையாவது நிதானமாகப் படிக்கும்போது பூட்டிக்கொண்டே இருக்கும். வெறுத்துப்போய் ஒருநாள் அதை முழுவதுமாக நிறுத்திவிடுவீர்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடம் வரை வையுங்கள், மறந்த நாளுக்குத் துணையாக இருக்கட்டும்.

விண்டோஸில் ஸ்கிரீன் சேவர் செட்டிங்ஸில் நேரத்தைக் குறித்து, திரும்பும்போது லாகின் திரை காட்டும்படி உள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த டிக் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். மேக்கில் வென்ச்சுரா பதிப்பு முதல் சிஸ்டம் செட்டிங்ஸில் 'லாக் ஸ்கிரீன்' என்றே தனிப் பகுதி உண்டு. திரை அணைந்ததும் பாஸ்வேர்டு கேட்பதை 'உடனே' என்று வையுங்கள்.

2017 முதல் விண்டோஸ் 10-ல் டைனமிக் லாக் என்று ஒன்றும் இருக்கிறது. மொபைலைப் புளூடூத்தில் இணைத்து வைத்தால், மொபைலோடு நீங்கள் தள்ளிப் போனதும் சிறிது நேரத்தில் கணினி பூட்டிக்கொள்ளும். மொபைலை மேசையிலேயே விட்டுப் போகிறவருக்கு இது உதவாது. பக்கத்து அறை வரை சிக்னல் எட்டினால் அப்போதும் பூட்டாது.

தொலைவில் உள்ள கணினியை ரிமோட்டில் பயன்படுத்தும்போது?

விண்டோஸ் கீயும் எல்லும் அழுத்தினால் பூட்டுவது உங்கள் முன்னால் இருக்கும் கணினி. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தப் பக்கத்துக் கணினியைப் பூட்ட, கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தி வரும் பட்டியலில் 'லாக்'.

திரையை அப்படியே பகிரும் மற்ற ரிமோட் செயலிகளில் நீங்கள் செய்வதெல்லாம் அந்த அறையில் இருப்பவர் கண்ணுக்கும் தெரியலாம். இணைப்பைத் துண்டித்தபின் அந்தக் கணினி திறந்தே கிடப்பதும் உண்டு. இணைப்பு முடிந்ததும் பூட்டும்படி ஒரு விருப்பம் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

பூட்டிய திரையில் மெசேஜ் தெரிகிறதே?

ஆமாம், அறிவிப்புகள் தெரியும். சில நேரம் ஓடிபியே தெரியும். விண்டோஸில் நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் பூட்டுத் திரையில் காட்டுவதை நிறுத்துங்கள். மேக்கில் மெசேஜின் முன்னோட்டத்தை, திரை பூட்டாமல் இருக்கும்போது மட்டும் காட்டும்படி வையுங்கள்.

பூட்டிய கணினியை யாராலும் உடைக்க முடியாதா?

கடந்துபோகிறவர், பக்கத்து மேசைக்காரர், சும்மா எட்டிப்பார்ப்பவர், இவர்களை எல்லாம் தடுத்துவிடும். கணினியையே தூக்கிப் போகிறவரைத் திரைப் பூட்டு தடுக்காது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், குறியாக்கம் செய்யாத (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்காத) கோப்புகள் அப்படியே திறக்கும். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ், இவைதான் அதற்கான காப்பு.

அந்தக் குறியாக்கத்தின் சாவியும் கணினி ஓடும்வரை நினைவகத்தில்தான் இருக்கிறது. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு, மின்சாரம் நின்றபின்னும் ராம் என்ற அந்த நினைவகத்தில் தகவல் சில நொடிகள் தங்குவதையும், ராம் சில்லைக் குளிரவைத்தால் இன்னும் நெடுநேரம் தங்குவதையும் காட்டி, அதிலிருந்து சாவிகளை எடுத்துக் காட்டியது. சாதாரணமாக நமக்கு நடக்கக்கூடியது இல்லை. ஆனாலும் முக்கியமான கோப்புகள் உள்ள லேப்டாப்பை வெளியூரில் அறையில் விட்டுப் போகும்போது, பூட்டுவதை விட முழுவதுமாக அணைப்பதே மேல்.

பூட்டும் நிரலிலேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டில் ஒன்று வெளிவந்தது. குழந்தைகள் நிஜக் கீபோர்டையும் பூட்டுத் திரையில் தோன்றும் கீபோர்டையும் கண்டபடி தட்ட, பூட்டும் நிரல் நின்றுபோய் டெஸ்க்டாப் திறந்துகொண்டது. விரைவிலேயே சரிசெய்துவிட்டார்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூலகம் போன்ற பொதுக் கணினியிலும் பூட்டினால் போதுமா?

போதாது. அங்கே சைன் அவுட்தான். பூட்டினால் உங்கள் கணக்கு பின்னால் திறந்தே இருக்கும், அடுத்தவரும் பயன்படுத்த முடியாமல் கடைசியில் பவர் பட்டனை அழுத்துவார். பூட்டுத் திரையிலிருந்தே கணினியை அணைக்க முடியும், அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. சேமிக்காத வேலை அதோடு போய்விடும். முதலில் மெயிலிலும் மற்றத் தளங்களிலும் லாக் அவுட் செய்யுங்கள், பிறகு கணினியிலிருந்து வெளியேறுங்கள்.

கூட வேலை செய்பவரின் திரை திறந்து கிடக்கிறது. பூட்டிவிடலாமா?

தாராளமாக. அவருடைய வேலை எதுவும் நிற்காது, வந்து பாஸ்வேர்டு போட்டுத் திறந்துகொள்வார். பூட்டிவிட்டு, வந்ததும் சொல்லிவிடுங்கள். அவர் பெயரில் வேடிக்கையாக ஒரு மெயில் அனுப்பிப் 'பாடம் புகட்டும்' வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அனுமதி இல்லாமல் இன்னொருவர் கணக்கைப் பயன்படுத்துவது அது. மெயில் தவறான ஆளுக்குப் போனால் அவமானப்படுவது அவர்.

ஒரு கையால்தான் தட்டச்சு செய்ய முடியும். எப்படிப் பூட்டுவது?

சில கீபோர்டுகளில் வலது பக்கமும் ஒரு விண்டோஸ் கீ இருக்கும், அதையும் எல் கீயையும் ஒரே கையால் எட்டலாம். இல்லாவிட்டால் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போடுங்கள். விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அது வேண்டுமா என்று கேட்கும். போட்டபின் கீகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை, விண்டோஸ் கீயைத் தட்டி விட்டுவிட்டு அடுத்து எல் கீயைத் தட்டினால் போதும். மேக்கிலும் ஆக்செஸிபிலிட்டி பகுதியில் அதே பெயரில் இருக்கிறது. மூன்று கீயை ஒன்றாகப் பிடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அங்கே இது இன்னும் அதிகம் பயன்படும்.